கத்தியும் எழுதுகோலும்: மருத்துவ மாணவர் ஜான் கீட்ஸ்

கவிதைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு தமிழ் மரபுக்குப் புதியதன்று. அகநானூற்றிலும் புறநானூற்றிலும் பாடல் இயற்றிய சான்றோர் வரிசையில் மருத்துவன் தாமோதரனார் என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது. வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரமே வகுத்ததோடு, நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாகவும் பகுத்துக் காட்டினார். இந்நான்கு கூறுகளையும் தம் குறுகிய வாழ்நாளுக்குள் நேரில் அறிந்த கவிஞர் ஒருவர் ஆங்கில இலக்கியத்தில் உண்டு. அவர் நோயாளியருகே விழித்திருந்தார், மருந்து அரைத்தார், அறுவைக் கத்தியைக் கையில் ஏந்தினார், இறுதியில் தாமே நோயாளியாகிப் படுக்கையில் வீழ்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஜான் கீட்ஸே அவர்.

கீட்ஸின் கவிதைகளைப் பயின்றோர் பலரும் அவர் மருத்துவம் பயின்றவர் என்பதை ஒரு சிறு செய்தியாகக் கேட்டு மறந்துவிடுவர். படிப்பில் மனம் ஒட்டாமல், வகுப்பில் கனவு கண்டு, பாதியில் விட்டு ஓடியவர் என்றே சிலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. மருத்துவ மாணவராக அவர் வெற்றி பெற்றவர். தேர்ந்து உரிமம் பெற்றவர். வெற்றி பெற்ற பின்னரே அத்துறையைத் துறந்தார். ஒரு மாணவர் மருத்துவத்தில் வெல்ல எவ்வெப் பண்புகள் வேண்டும், அவை அனைத்தும் வாய்த்த பின்னும் இன்னும் எது வேண்டும் என்னும் வினாவுக்கு அவர் வாழ்வைப்போல் விடை தருவது அரிது.

இளமையும் இழப்பும்

கீட்ஸ் 1795ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் தாமஸ் கீட்ஸ், மாமனாருக்கு உரிமையான குதிரை இலாயம் ஒன்றை நடத்தி வந்தார். 1804 ஏப்ரலில் அவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது மூத்த மகனான ஜானுக்கு வயது எட்டு. ஜார்ஜ், டாம் என இரு தம்பியரும் ஃபேனி என்னும் தங்கையும் அவருக்கு இருந்தனர். தாய் விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார், அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பிள்ளைகளிடம் திரும்பி வந்த தாயை எலும்புருக்கி நோய் பற்றிக்கொண்டது.

என்ஃபீல்டில் இருந்த கிளார்க் என்பாரின் பள்ளியில் பயின்ற கீட்ஸ், தொடக்கத்தில் சண்டைக்குப் பெயர் பெற்ற சிறுவராகவே விளங்கினார். பின்னர்ப் படிப்பின் பக்கம் திரும்பிப் பரிசுகளைக் குவித்தார். விடுமுறை நாள்களில் தாயின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருந்தார். தம் கையாலன்றிப் பிறர் கையால் தாய்க்கு மருந்து கொடுக்க அவர் இசையவில்லை என்பர். உணவு சமைத்துக் கொடுத்ததும், வலி மறக்கக் கதை நூல்களைப் படித்துக் காட்டியதும் அவரே. 1810 மார்ச்சில் தாய் இறந்த செய்தி பள்ளியில் இருந்த அவரை எட்டியபோது, ஆசிரியரின் மேசைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு பல நாள் துயருற்றிருந்தார். நோயின் முன் அன்பு மட்டும் போதாது என்னும் பாடத்தைப் பதினான்கு வயதில் அவர் கற்றுக்கொண்டார். மருத்துவத்தை நோக்கி அவரைச் செலுத்திய உந்துதலின் வேரும் அப்படுக்கையருகிலேயே இருந்தது எனலாம்.

பயிற்சிக் காலம்

பாட்டியார், பேரப்பிள்ளைகளின் பொறுப்பைக் காப்பாளர் இருவரிடம் ஒப்படைத்தார். அவர்களுள் முதன்மையானவர் தேயிலை வணிகரான ரிச்சர்டு ஆபி. கீட்ஸ் பள்ளியை விட்டு எட்மன்டனில் இருந்த தாமஸ் ஹாமண்டு என்னும் மருத்துவரிடம் பயிற்சி மாணவராகச் சேர்க்கப்பெற்றார். ஹாமண்டு அக்குடும்பத்துக்கு மருத்துவம் பார்த்து வந்தவர். அக்காலத்தில் ஊர்ப்புறத்து மருத்துவர் ஒருவரே மருந்து செய்தார், பல் பிடுங்கினார், குருதி இறக்கினார், எலும்பு முறிவுக்குக் கட்டும் போட்டார். நம் நாட்டிலும் ஒருகாலத்தில் வழங்கிய ‘அப்பாத்திக்கரி’ என்னும் சொல் இவ்வகை மருத்துவரைக் குறித்ததே.

அங்கே கீட்ஸ் செய்த வேலைகளில் கவர்ச்சி எதுவும் இல்லை. மருந்து இடித்தல், மாத்திரை உருட்டுதல், அட்டை விடுதல், புண் கழுவிக் கட்டுதல், மருந்தறையைத் துடைத்துத் தூய்மை செய்தல் என நாள்கள் கழிந்தன. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே மனக்கசப்பும் நேர்ந்தது. ஆயினும் அவர் படிப்பை விடவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சில கல் தொலைவு நடந்து பழைய பள்ளிக்குச் செல்வார். பள்ளித் தலைவரின் மகனும் நண்பருமாகிய சார்லஸ் கவ்டன் கிளார்க்கிடம் நூல்களை இரவல் பெற்றுத் திரும்புவார். ஸ்பென்சரின் காவியம் அவ்வாறே அவர் கைக்கு வந்தது. பள்ளியில் தொடங்கிய வர்ஜிலின் இலத்தீன் காவிய மொழிபெயர்ப்பையும் தொடர்ந்தார். ஒரே மனத்தில் மருந்தின் பெயர்களும் கவிதையின் சந்தமும் அடுத்தடுத்துக் குடியேறின.

கைஸ் மருத்துவமனை

1815ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மருந்து மருத்துவராக விரும்புவோர் ஐந்தாண்டுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உடற்கூறு, வேதியியல், மருந்தியல், மருத்துவம் ஆகியவற்றில் விரிவுரை கேட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். மருத்துவமனையில் ஆறு திங்கள் பணி கற்க வேண்டும். பின்னர்த் தேர்வில் வெல்ல வேண்டும். இப்புதிய விதிக்கு உட்பட்ட முதல் அணி மாணவர்களுள் கீட்ஸும் ஒருவர். 1815 அக்டோபர் 1ஆம் நாள் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்ப இன்னும் ஒரு திங்கள் இருந்தது.

அன்றைய மருத்துவக் கல்வி எத்தகைய மன உரத்தை வேண்டியது என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். மயக்க மருந்தாக ஈதர் பயன்பாட்டுக்கு வந்தது 1846இல். லிஸ்டர் கிருமி நீக்கும் முறையை வெளியிட்டது 1867இல். கீட்ஸ் பயின்ற காலத்தில் நோயாளி விழித்திருக்கவே கால் அறுக்கப்பட்டது. சுற்றிலும் படிக்கட்டுகளில் மாணவர் நெருக்கியடித்து நிற்பர். வழியும் குருதியை ஏற்க மேசையடியில் மரத்தூள் பெட்டி இருக்கும். உடற்கூறு பயிலும் அறைக்கு வேண்டிய உடல்களில் பல, இடுகாட்டிலிருந்து இரவில் திருடிக் கொணரப்பட்டவை. அவ்வவலத்தை நீக்கும் சட்டம் 1832இல்தான் பிறந்தது. அழுகல் நாற்றத்தையும் அலறலையும் கண்டு முதல் திங்களிலேயே மனம் ஒடிவதற்கு வேண்டிய காரணங்கள் அனைத்தும் அங்கே இருந்தன.

கீட்ஸ் ஒடியவில்லை. அறுவை மருத்துவத்தில் அன்று பெரும்புகழ் பெற்றிருந்த ஆஸ்ட்லி கூப்பரின் விரிவுரைகளைக் கேட்டு அவர் எழுதிய குறிப்பேடு இன்றும் உள்ளது. அது 1934இல் அச்சிலும் வெளிவந்தது. ஓரங்களில் மலர்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார் என்பதை எல்லோரும் எடுத்துக் கூறுவர். அம்மலர்களுக்கு நடுவே நரம்பையும் குருதிக் குழாயையும் எலும்பு முறிவையும் பற்றிய குறிப்புகள் இருப்பதை மறந்துவிடுவர். கூப்பர் இம்மாணவர்பால் அன்பு காட்டி, தம் உதவியாளர் ஒருவருடன் தங்குவதற்கு ஏற்பாடும் செய்தார்.

பதிவு செய்த ஒரு திங்களுக்குள்ளாகவே கீட்ஸ் ‘டிரெஸ்ஸர்’ என்னும் அறுவை உதவியாளர் பணிக்குத் தெரிவு செய்யப்பெற்றார். மாணவர் திரளில் ஒரு சிலருக்கே கிட்டிய வாய்ப்பு அது. ஊக்கமும் கைத்திறனும் இல்லாதவர்க்கு அது கிடைத்திராது. 1816 மார்ச் 3ஆம் நாள் அப்பணியை ஏற்றார். கட்டுத்துணியும் களிம்பும் அடங்கிய பெட்டியுடன் நோயாளர் அறைகளைச் சுற்றி வருதல், புண்களைக் கட்டுதல், குருதி இறக்குதல், அறுவையின்போது உடன்நிற்றல், முறை வரும் வாரத்தில் மருத்துவமனையிலேயே தங்கி விபத்தில் அடிபட்டு வருவோரை ஏற்றல் ஆகியவை டிரெஸ்ஸரின் கடமைகள்.

அவர் துணை நிற்க வேண்டியிருந்த அறுவை மருத்துவரோ வில்லியம் லூக்கஸ் என்பவர். இயல்பில் நல்லவர், செவி மந்தமானவர், கத்தி எடுத்தால் கை தடுமாறுபவர். அவர் அறுவை செய்வதைக் கண்டு கூப்பரே அஞ்சினார் என்பர். திறமையற்ற கை ஓர் உயிர்க்கு எத்துணைத் துன்பம் விளைக்கும் என்பதை மேசைக்கு மறுபுறம் நின்று கீட்ஸ் நாள்தோறும் கண்டார். பிழைபட்ட சொல்லை அடித்துத் திருத்திக் கொள்ளலாம். பிழைபட்ட வெட்டைத் திருத்த இயலாது. அவ்வுணர்வு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்ததென்பதைப் பின்வந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

தேர்வும் வெற்றியும்

அக்காலத்தில் கீட்ஸுடன் ஒரே விடுதியில் தங்கிப் பயின்றவர் ஹென்றி ஸ்டீபன்ஸ். இவர் பின்னாளில் மருத்துவத்தோடு எழுதும் மை செய்யும் தொழிலையும் தொடங்கிப் பெரும் பொருள் ஈட்டினார். கவிஞரின் அறைத்தோழர் மை வணிகரானது காலத்தின் விளையாட்டுப் போலும்! கவிதையைத் தவிர உயர்ந்த பொருள் உலகில் வேறில்லை என்னும் எண்ணம் மாணவப் பருவத்திலேயே கீட்ஸிடம் குடிகொண்டிருந்ததை ஸ்டீபன்ஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். வகுப்பில் பிறர் குறிப்பேட்டிலும் ஈரடிப் பாக்களை எழுதிவிடுவது அவர் வழக்கமாம். 1816 மே 5ஆம் நாள், தனிமையைப் பற்றிய அவருடைய பதினான்கடிப் பாடல் ‘எக்ஸாமினர்’ இதழில் வெளிவந்தது. அதுவே அச்சேறிய முதற்பாடல்.

தேர்வுக்கு அப்போது மூன்று திங்களும் இல்லை. முதற்பாடல் அச்சான மகிழ்ச்சியில் படிப்பைக் கைவிடும் இளைஞராக அவர் இருந்திருந்தால் நண்பர் எவரும் வியந்திரார். 1816 ஜூலை 25ஆம் நாள் அவர் தேர்வாளர் முன் நின்றார். இலத்தீனில் அமைந்த மருந்து நூற்பகுதிகளையும் மருத்துவச் சீட்டுகளையும் மொழிபெயர்க்க வேண்டும். மருந்து வேதியியலிலும் நோய்க்குறிகளிலும் பண்டுவ முறைகளிலும் கேட்கப்படும் வினாக்களுக்கு வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். கீட்ஸ் முதல் முயற்சியிலேயே தேறினார். பள்ளியில் விரும்பிக் கற்ற இலத்தீன் கைகொடுத்தது என்று ஸ்டீபன்ஸ் கருதினார். அது ஒரு காரணமே. அட்டையும் களிம்புமாய்க் கழிந்த ஐந்தாண்டுப் பயிற்சியும் மருத்துவமனையின் விழிப்பிரவுகளும் மற்றைய காரணங்கள். இருபத்தொரு வயது நிரம்பியதும் தொழில் தொடங்கும் உரிமை அவருக்குக் கிட்டியது.

கத்தியைக் கீழே வைத்தல்

மருத்துவ மாணவர்க்கு வேண்டும் பண்புகளை எண்ணிப் பார்ப்போர் உழைப்பு, நினைவாற்றல், மனவுரம், கைத்திறன், இரக்கம் என வரிசைப்படுத்துவர். இவ்வைந்தும் கீட்ஸிடம் இருந்தன. இருந்தும் அவர் விலகினார். இரக்கம் மிகுதியானதால் குருதியைக் காணப் பொறாது விலகினார் என்று கொள்வதும் பொருந்தாது. ஓராண்டுக்கு மேல் குருதியின் நடுவே நின்றவர் அவர்.

காரணத்தை நண்பர்களிடம் அவரே வெளியிட்டதாகச் செய்திகள் உள்ளன. ஒருநாள் விரிவுரையின்போது பலகணி வழியே ஒரு கதிர் உள்ளே விழுந்தது. அதனோடு கற்பனை உருவங்கள் பல மிதந்து வந்தன. அவற்றின் பின்னே தம் மனமும் போய்விட்டது என்று கிளார்க்கிடம் கூறினார். மற்றொரு நாள், ஒருவருடைய நெற்றிப்பொட்டில் ஓடும் நாடியைத் திறந்து குருதி இறக்கினார். மிகச் செம்மையாகவே செய்து முடித்தார். முடித்தபின் தம் மனத்தை எண்ணிப் பார்த்தார். கை அங்கே கருத்தாய் இயங்கிக்கொண்டிருக்கையில் மனம் எங்கெங்கோ சென்று வந்ததை உணர்ந்தார். தவறின்றி முடிந்தது வியப்பே என்று அவருக்குத் தோன்றியது. அதன்பின் அவர் லான்செட் கத்தியைத் தொடவில்லை.

இந்நிகழ்ச்சியில் அவருடைய நேர்மை வெளிப்படுகிறது. அந்நோயாளிக்கு எத்தீங்கும் நேரவில்லை; எவரும் குறை கூறவில்லை. பிறர் எவரும் காணாத பிழையைத் தம் மனத்துள் தாமே கண்டார். கத்திக்கு எதிரே இருப்பவன் மருத்துவனிடம் கைத்திறனோடு முழுக் கவனத்தையும் எதிர்பார்க்கிறான். அதனை இனித் தம்மால் கொடுக்க இயலாது என அறிந்த கணத்தில் விலகினார். விரும்பாத தொழிலில் வெற்றி பெற்றுவிட்டோம் என்பதற்காகப் பிறர் உயிரை வைத்து அதனைத் தொடர்வது அறமாகாது என்று அவர் தெளிந்தார்.

காப்பாளர் ஆபிக்கு இது பேரதிர்ச்சி. செலவிட்ட பொருளும் கழிந்த ஆண்டுகளும் வீணாயின என்று கருதி, கையில் உள்ள தொழிலை விட்டுக் கவிதையை நம்பும் இளைஞரை அறிவிலி என்று கடிந்துகொண்டார். உலகியல் நோக்கில் அவர் சினத்திலும் பொருளுண்டு. பெற்றோரில்லாத மூத்த பிள்ளை. பின்னே தம்பியரும் தங்கையும் உளர். ஆயினும் முடிவு மாறவில்லை. டிரெஸ்ஸர் பணியை ஏற்று ஓராண்டு நிறைந்த அதே மார்ச் 3ஆம் நாளில், 1817இல், கீட்ஸின் முதல் கவிதை நூல் வெளிவந்தது. அந்நூல் விலைபோகவில்லை.

மீண்டும் படுக்கையருகே

துறந்த மருத்துவம் அவரைத் துறக்கவில்லை. 1818இல் வெளியான அவருடைய நெடும்பாடலைத் தாக்கிய இதழொன்று, பாட்டை விட்டு மாத்திரையும் களிம்பும் விற்கும் கடைக்கே திரும்புமாறு ஏளனம் செய்தது. அதே ஆண்டில் நண்பருக்கு எழுதிய மடலில், தம் மருத்துவ நூல்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடாமல் வைத்திருப்பது நன்றாயிற்று எனவும், கற்றதை மறவாதிருக்க அவற்றை மீண்டும் புரட்டப் போவதாகவும் தெரிவித்தார். எவ்வறிவும் வீணன்று, யாவும் ஒரு முழுமையை நோக்கிச் செல்வன என்னும் தெளிவு அவருக்கு வந்திருந்தது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தம்பி டாம் எலும்புருக்கியால் படுத்தார். தாய்க்குச் செய்த பணிவிடையைக் கீட்ஸ் தம்பிக்கும் செய்தார். அம்முறை அவர் தேர்ந்த கண்ணுடன் நோயைப் பார்த்தார். ஒவ்வொரு குறியும் எதைச் சுட்டுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1818 டிசம்பர் 1ஆம் நாள் பத்தொன்பது வயதில் டாம் இறந்தார். 1819இல் பொருள்முடை நெருக்கியபோது, எடின்பரோவுக்குச் சென்று மேற்கொண்டு மருத்துவம் பயிலலாமா, இந்தியாவுக்குச் செல்லும் வணிகக் கப்பலில் மருத்துவராகச் சேரலாமா என்றெல்லாம் எண்ணினார். அக்கப்பலில் அவர் ஏறவில்லை. அவ்வாண்டில்தான் இராப்பாடியையும் கிரேக்கத் தாழியையும் இலையுதிர் காலத்தையும் பாடிய அழியாப் பாடல்கள் பிறந்தன. முடிவுறாது நின்ற ‘ஹைபீரியனின் வீழ்ச்சி’ என்னும் பாடலில், வெறுங்கனவு காண்பவனையும் கவிஞனையும் வேறு பிரித்து, கவிஞனின் தொண்டை நோய் தீர்ப்பவனின் தொண்டோடு இணைத்து நோக்கினார். கைஸ் மருத்துவமனையில் கற்ற பாடம் கவிதைக் கொள்கையாக மலர்ந்த இடம் அது.

1820 பிப்ரவரி 3ஆம் நாள் இரவு, குளிரில் பயணம் செய்து வீடு திரும்பிய கீட்ஸுக்கு இருமலோடு குருதி வந்தது. விளக்கைக் கொணரச் செய்து அதன் நிறத்தைப் பார்த்தார். அது நாடிக் குருதி என்பதும், அது தம் முடிவைக் குறிக்கிறது என்பதும் அவருக்கு அக்கணமே விளங்கின. அருகிலிருந்த நண்பர் பிரவுனிடம் அமைதியாக அதனைக் கூறவும் செய்தார். மாணவப் பருவத்தில் கற்ற அறிவு அவருக்கே தீர்ப்பு எழுதிய வேளை அது. அந்நோயின் கிருமியைக் காக் கண்டறிந்தது 1882இல். அதனை வெல்லும் முதல் மருந்து வந்தது 1940களில். அன்றைய மருத்துவம் குருதி இழந்தவரிடமே மேலும் குருதி இறக்கியது. மெலிந்தவரைப் பட்டினி போட்டது.

வெப்பமான இடம் நாடி, 1820 செப்டம்பரில் ஓவியர் ஜோசப் செவர்னுடன் கப்பலேறி, நவம்பரில் ரோம் நகரை அடைந்தார். மணம் பேசியிருந்த ஃபேனி பிரான் இலண்டனில் இருந்தார். மீண்டும் காண முடியாதென்பதைக் கீட்ஸ் அறிந்தே பிரிந்தார். இறுதி நாள்களில், சாவை நேரில் கண்டிராத செவர்னுக்காக அவர் வருந்தினார். தமக்கு நேரவிருப்பது நெடுநேரம் நீடிக்காது, அஞ்ச வேண்டாம் என்று நோயாளியே பேணுவோனுக்கு ஆறுதல் சொன்னார். 1821 பிப்ரவரி 23ஆம் நாள் உயிர் பிரிந்தது. உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் நுரையீரல் முற்றும் அழிந்திருக்கக் கண்டனர். அவர் விருப்பப்படியே கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை.

உரிமம் பெற்ற மருத்துவராக அவர் ஒருநாளும் தொழில் நடத்தியதில்லை. ஆயினும் தாயின் அருகே விழித்திருந்த சிறுவரிடம் தொடங்கிச் செவர்னைத் தேற்றிய நோயாளி வரையில், பிறர் துன்பத்தினின்று முகம் திருப்பாத ஓர் உள்ளத்தை அவ்வாழ்வு முழுவதும் காண்கிறோம். மருத்துவக் கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவர்க்கு அவர் வாழ்வு ஒரு வினாவை விட்டுச் செல்கிறது: உழைக்கும் உரமும் தேர்ந்த கையும் உனக்கு உண்டெனின் நன்று, உன் முன் கிடப்பவனுக்கு உன் முழு மனத்தையும் தருவாயா? இவ்வினா எழுதுகோல் ஏந்துவோர்க்கும் உரியது. மனம் முழுதும் வையாது செய்த மருத்துவம் போன்றதே மனம் முழுதும் வையாது செய்த கவிதையும். கீட்ஸ் ஒன்றை விட்டது மற்றொன்றுக்குத் தம்மை முழுமையாகத் தருவதற்கே என்பதற்கு 1819ஆம் ஆண்டின் பாடல்களே சான்றாகும்.